வண்ணத் திருத்தம் கற்க எங்கே போவது? – வாசகர் கேள்வி பதில்

கடந்த இதழில் படத்தொகுப்பைப் பற்றி எழுதியபோது, வண்ணத் திருத்தப் பயிற்சி வகுப்புகளைப் பற்றி ஐயம் உள்ளவர்கள் எழுதலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். எதிர்பார்த்ததைவிட அதிகமான கடிதங்கள் வந்துள்ளன. பல கடிதங்கள் ஒன்றையே கேட்பதால், அவற்றைச் சேர்த்து ஏழு கேள்விகளாக இங்கே தருகிறேன். படம்பிடித்த காட்சிகளின் நிறத்தையும் ஒளியையும் சரிசெய்யும் இந்த வேலைக்குச் சென்னைத் திரைத்துறையில் 'டி.ஐ.' என்று பெயர். படச்சுருளைக் கணினிக்குள் ஏற்றி, வண்ணம் திருத்தி, மீண்டும் சுருளில் இறக்கிய காலத்துப் பெயர் அது; சுருள் போன பிறகும் பெயர் நின்றுவிட்டது. கோலாலம்பூரில் 'கிரேடிங்' என்றும் செய்பவரைக் 'கலரிஸ்ட்' என்றும் சொல்கிறோம். டி.ஐ., கிரேடிங் இரண்டும் ஒரே வேலையையே குறிக்கும்.

கேள்வி: ஆறு ஆண்டுகளாகத் திருமணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா ஆகியவற்றைப் படம்பிடித்து வருகிறேன். வண்ணத் திருத்தத்தை முறையாகக் கற்க வேண்டும். பெட்டாலிங் ஜெயாவில் வார இறுதியில் இரண்டு நாள் வகுப்புக்கு 1,200 ரிங்கிட் கேட்கிறார்கள். கோலாலம்பூரில் மூன்று மாத மாலை வகுப்பு 4,500 ரிங்கிட். எதில் சேர்வது?
– பட்டர்வொர்த் வாசகர்

பதில்: சகோதரரே, எதற்கும் பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாதம் பொறுத்திருங்கள். இந்தத் தொழிலில் பரவலாகப் புழங்கும் மென்பொருள் டாவின்சி ரிசால்வ். அதை வெளியிடும் பிளாக்மேஜிக் டிசைன் என்னும் ஆஸ்திரேலிய நிறுவனம், வண்ணக் கருவிகளில் பெரும்பாலானவற்றை இலவசப் பதிப்பிலேயே தந்துவிடுகிறது. படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலை நீக்கும் வசதி போன்ற சிலவற்றுக்கு மட்டும் 295 அமெரிக்க டாலர் விலையுள்ள ஸ்டூடியோ பதிப்பு தேவைப்படும். அதே நிறுவனம் கலரிஸ்டுகளுக்கென ஒரு பயிற்சி நூலையும், அதில் வரும் பாடங்களுக்கான படக்காட்சிகளையும் தன் இணையத்தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நூல் ஆங்கிலத்தில் இருந்தாலும், ஆறு ஆண்டுகள் கேமராவைக் கையாண்ட உங்களுக்கு அதன் சொற்கள் பழகியவையாகவே இருக்கும். நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்பது தெரிந்துவிடும். இரண்டு நாள் வகுப்புகளில் நான் பார்த்தவரை கற்றுத்தரப்படுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு 1,200 ரிங்கிட்டும், பட்டர்வொர்த்திலிருந்து இரயிலில் போகவும் வரவும் தலா நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணமும் தேவையில்லை.

வகுப்பில் வாங்க வேண்டியது வேறொன்று. கண்ணைப் பழக்குவதற்கு அனுபவமுள்ள ஒருவர் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று, நீங்கள் செய்ததைப் பார்த்து, எங்கே தவறியது என்று சொல்ல வேண்டும். அதைப் புத்தகமோ காணொளியோ தர இயலாது. ஆகவே மூன்று மாத வகுப்பை நடத்துபவரைத் தொலைபேசியில் அழைத்துச் சிலவற்றைக் கேளுங்கள். ஒரு கணினிக்கு எத்தனை மாணவர்கள்? மூன்று பேர் ஒரு கணினியைப் பகிர்ந்தால், மூன்று மாதம் என்பது உங்கள் கைக்கு ஒரு மாதமாகச் சுருங்கிவிடும். திரைகள் சரியான நிறத்தைக் காட்டும்படி அளவிடப்பட்டவையா, கடைசியாக எப்போது அளந்தார்கள்? இதற்கு உடனே பதில் வராவிட்டால், அங்கே வண்ணத்தைக் கற்றுத்தர இயலாது என்றே எடுத்துக்கொள்ளலாம். தவறான தராசில் எடை போடக் கற்றுக்கொள்வது போலாகும். என் சொந்தப் படக்காட்சியைக் கொண்டுவந்து திருத்தலாமா? கற்பிப்பவர் தற்போதும் இந்தத் தொழிலில் வேலை செய்கிறவரா? வகுப்பு முடிந்த பின் செய்யும் வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்வாரா? ஒரு வகுப்பில் ஒரு மணி நேரம் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். நல்ல ஆசிரியர் எவரும் அதை மறுத்து நான் பார்த்ததில்லை.

விளம்பரத்தில் '200 லட் இலவசம்' என்று பெரிதாகப் போட்டிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். லட் என்பது ஒரு நிறத்துக்கு ஈடாக வேறொரு நிறத்தைப் போடச் சொல்லும் அட்டவணை, அவ்வளவே. உங்கள் காட்சியில் வெளிச்சம் எங்கிருந்து வந்தது, மணமகள் என்ன நிறப் புடவை உடுத்தியிருந்தார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

பாடத்திட்டத்தைப் பார்க்கும்போது, காட்சிகளை ஒன்றோடொன்று பொருத்துவதற்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். இந்தத் தொழிலின் பெரும்பகுதி அதுதான். நான் பயிற்சிக்குச் சேர்ந்தபோது என் ஆசான் முதலில் கொடுத்தது ஒரு கிராமத்து வீட்டுத் திண்ணைக் காட்சி. தாயும் மகனும் பேசுகிறார்கள். மேகம் வந்து போகிறது. தாயின் முகம் ஒரு வெட்டில் வெயிலிலும் அடுத்ததில் நிழலிலும் இருக்கிறது. நான் முகங்களையே பார்த்துக்கொண்டு இரண்டு நாள், நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரங்களைத் திருப்பிக் களைத்துப் போனேன். மூன்றாம் நாள் அவர் வந்து, திரையில் இருந்த இரண்டு முகங்களையும் அட்டையால் மறைத்துவிட்டு, தாயின் பக்கத்தில் இருந்த வெள்ளைப் பீங்கான் குவளையை மட்டும் பார்க்கச் சொன்னார். ஒரு வெட்டில் குவளையின் நிழல்பக்கம் நீலமாக இருந்தது. மற்றதில் மஞ்சளாக இருந்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் பக்கம் பக்கமாகக் காட்டும் பரேட் என்ற அளவீட்டில் அந்தக் குவளைக்குரிய மூன்று கோடுகளும் ஒரே உயரத்துக்கு வரும்வரை திருத்தினேன். பிறகு அட்டையை எடுத்தார். முகங்கள் தாமாகவே ஒன்றுக்கொன்று நெருங்கி வந்திருந்தன. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திரையை விட்டுச் சாம்பல் நிறச் சுவரைப் பார்க்கச் சொல்வார். கண் எந்த நிறத்துக்கும் விரைவில் பழகி அதையே வெள்ளை என்று நம்பிவிடும் என்பதால். இப்படிப்பட்ட ஒருவர் அந்த மூன்று மாத வகுப்பில் இருந்தால் 4,500 ரிங்கிட் அதிகமில்லை. இல்லாவிட்டால், தொழிலில் இருக்கும் கலரிஸ்ட் ஒருவரின் நேரத்தை நான்கு நான்கு மணி நேரமாக வாடகைக்கு எடுத்து, உங்கள் திருமணக் காட்சிகளையே அவருடன் உட்கார்ந்து திருத்துவது மேல். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் செய்வேன்.

கேள்வி: கோயில் திருமணங்களில் மணமகளின் முகம் மஞ்சளாக விழுகிறது. மஞ்சளைக் குறைத்தால் முகம் சாம்பல் பூத்தது போலாகிறது. நான் போன வகுப்பில் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எந்த வகுப்பில் சொல்லித் தருவார்கள்?
– செந்தூல் வாசகர்

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பத்தியை எழுதலாம் என்று தோன்றியது. பெரும்பாலான வகுப்புகளில் பயிற்சிக்குத் தரப்படும் காட்சிகள் வெளிநாட்டில், வெளிர்நிறத் தோல் உள்ளவர்களை வைத்து, ஒரே வகை விளக்கில் எடுக்கப்பட்டவை. நம்முடைய மணமேடை அப்படிப்பட்டதன்று. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். குத்துவிளக்கின் சுடர் ஏறத்தாழ 1,900 கெல்வின். நீங்கள் வைக்கும் பழைய வகை விளக்கு 3,200 கெல்வின். வாசல் வழியே வரும் பகல் வெளிச்சம் 5,600 கெல்வினுக்கு மேல். இவற்றோடு மண்டபத்துக் குழல்விளக்கின் பச்சைச் சாயலும், அலங்கார மேடையின் ஊதா எல்இடியும் சேர்கின்றன. மணமகள் முகத்தில் உண்மையாகவே மஞ்சள் பூசியிருக்கிறார். கூறைப்புடவையின் சிவப்பு அவருடைய தாடைக்குக் கீழே எதிரொளிக்கிறது. இத்தனையையும் ஒரே சக்கரத்தைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது.

முதல் வேலை படப்பிடிப்பிலேயே இருக்கிறது. கேமராவின் தானியங்கி வெண்சமநிலையை, அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைத் தானே மாற்றும் வசதியை, நிறுத்திவிடுங்கள். மணமகள் நெருங்கி வந்து சிவப்புப் புடவை சட்டத்தை நிறைத்தால், தானியங்கி அதைப் பிழை என்று கருதி நீலத்தைக் கூட்டும். தாலி கட்டும் ஒரே காட்சிக்குள் நிறம் நான்கு முறை மாறும். அதைப் பின்னால் திருத்துவது பெரும்பாடு. மேடையில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து அளந்து, அந்த எண்ணையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். கேமராவில் 10 பிட் வசதி இருந்தால் அதில் எடுங்கள். 8 பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 10 பிட்டில் 1,024. மஞ்சளை நீங்கள் இழுக்கும்போது 8 பிட் படத்தில் படிகள் போதாமல் தோல் திட்டுத்திட்டாகத் தெரியும். நீங்கள் சாம்பல் பூத்தது என்று சொல்வதில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கக்கூடும்.

அடுத்து, திருத்தும்போது வெக்டர்ஸ்கோப் என்னும் வட்ட அளவீட்டைத் திறந்து வையுங்கள். அதில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே தோல்நிறக் கோடு ஒன்று உண்டு. சீனர், மலாய்க்காரர், தமிழர் என யாருடைய முகமானாலும், நடுநிலை வெளிச்சத்தில் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். கறுப்பு, மாநிறம், சிவப்பு என்று நாம் சொல்கிற வேறுபாடு பெரும்பாலும் வெளிச்சத்தின் அளவிலும் நிறத்தின் அடர்த்தியிலும் இருக்கிறது. நிறத்தின் திசையில் அவ்வளவாக இல்லை. முழுச்சட்டத்தில் மஞ்சளைக் குறைத்தபோது உங்கள் மணமகளின் தோலிலிருந்த இயல்பான மஞ்சளும் சேர்ந்து போய்விட்டது. ஆகவே முழுச்சட்டத்தில் பாதியளவு மட்டும் திருத்தி, வேட்டியோ சுண்ணாம்புச் சுவரோ நடுநிலைக்குச் சற்று முன்பே நிற்கட்டும். விளக்கருகே கொஞ்சம் மஞ்சள் இருப்பதுதான் உண்மை. பிறகு முகத்தைச் சுற்றி ஒரு வட்டச் சாளரம் வரைந்து, அதை முகத்தோடு நகரும்படி டிராக்கரில் ஓடவிட்டு, அதற்குள் மட்டும் தோலைக் கோட்டை நோக்கி நகர்த்துங்கள். தாடைக்குக் கீழே எதிரொளிக்கும் சிவப்பைத் தொடாதீர்கள். அது புடவையின் வெளிச்சம்; அதை எடுத்துவிட்டால் முகம் அந்த இடத்தில் இல்லாததுபோல் ஒட்டாமல் நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டார் வந்து 'பொண்ணைக் கொஞ்சம் சிவப்பாக் காட்டுங்க' என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பது வெளுப்பை. மாநிறப் பெண்ணின் முகத்தை வெளுப்பாக்கும்போது நெற்றியிலும் மூக்கின் மேலும் கன்ன எலும்பிலும் மின்னும் சிறு வெளிச்சங்கள் எல்லாம் ஒரே தளமாகி, முகத்தின் வடிவமே போய்விடுகிறது. அந்த வெளிச்சங்களை அப்படியே வைத்து, நடுத்தர ஒளியை மட்டும் சிறிது உயர்த்தினால் முகம் பளிச்சென்று இருக்கும். நிறமும் அவருடையதாகவே இருக்கும். இரண்டையும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். நான் காட்டிய வீடுகளில் பெரும்பாலும் தாய்மார்களே இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு பேத்தி பார்க்கப் போகும் படம் அது. அதில் பாட்டியின் முகம் பாட்டியின் முகமாக இருக்கட்டும்.

எந்த வகுப்பில் சொல்லித் தருவார்கள் என்று கேட்டீர்கள். இதைப் பாடமாக வைத்திருக்கும் வகுப்பைத் தேடுவதைவிட, இந்தக் காட்சியில் இரண்டு நிமிடத்தை வட்டில் எடுத்துக்கொண்டு போய் ஆசிரியர் முன் வையுங்கள். அவர் எவ்வளவு நேரம் அதைப் பார்க்கிறார் என்பதிலேயே அவர் கற்பிக்கத் தகுந்தவரா என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். வகுப்பில் சேர்வதற்கு முன் கணினி, திரை, சக்கரப் பலகை எல்லாம் வாங்க வேண்டுமா? என்னிடம் 4,000 ரிங்கிட்தான் சேமிப்பு இருக்கிறது.
– கெப்போங் வாசகி

பதில்: தங்கையே, நிறச் சக்கரங்களைக் கையால் திருப்ப உதவும் அந்தச் சக்கரப் பலகையை இப்போது நினைக்கவே வேண்டாம்; சுட்டியைக் கொண்டே தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். தனி வரைகலை அட்டையும் 16 ஜிபி நினைவகமும் உள்ள கணினி தொடங்கப் போதும். பிளாசா லோயாட்டில் பயன்படுத்திய கணினி வாங்குவதாக இருந்தால், விவரம் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். மிச்சப் பணத்தில் பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் வகைத் திரை ஒன்றையும், அதை அளக்கும் சிறு கருவியையும் வாங்குங்கள். அந்தக் கருவியை நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்வதே நல்லது. மாதம் ஒருமுறைதான் தேவைப்படும். வெள்ளைப் புள்ளி 6,500 கெல்வின், ஒளியளவு 100 நிட் (திரை ஒளியின் அலகு), காமா (இருளிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும் வளைவு) 2.4 என்ற இலக்குகளுக்கு அளந்துகொள்ளுங்கள். தொலைக்காட்சிக்கான ரெக். 709 தரத்தில் வேலை செய்யும்போது, மங்கலான அறையில் எல்லோரும் பிடித்துக்கொள்ளும் எண்கள் இவை. கணினியில் இரவுநேர மஞ்சள் திரை, தானாக ஒளி குறைத்தல் போன்ற வசதிகள் இருந்தால் அனைத்தையும் அணைத்துவிடுங்கள்.

பலர் மறப்பது அறையை. நம் வீடுகளில் சுவருக்கு இளம்பச்சையோ ஆரஞ்சோ பூசியிருப்போம். பச்சைச் சுவருக்கு முன் உட்கார்ந்தால் உங்கள் கண் பச்சைக்கு எதிராகச் சாய்ந்து, படத்தில் செந்நீலத்தைக் கூடுதலாகப் பார்க்கும். நீங்கள் அதைக் குறைப்பீர்கள். மறுநாள் வேறு திரையில் எல்லா முகமும் பச்சையடித்திருக்கும். மஸ்ஜித் இந்தியா வட்டாரத் துணிக்கடைகளில் மங்கலான சாம்பல் நிறப் பருத்தித் துணி சில மீட்டர் வாங்கித் திரைக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். பளபளக்கும் துணி ஆகாது. திரைக்குப் பின்னால் 6,500 கெல்வின் சிறு விளக்கு ஒன்றைச் சுவரைப் பார்த்து வையுங்கள். சாளரத்தை மூடிவிடுங்கள். இந்தச் செலவு 100 ரிங்கிட்டைத் தாண்டாது. இது இல்லாமல் வாங்கும் எந்த விலையுயர்ந்த திரையும் வீண்.

கேள்வி: வகுப்பில் திருத்திய குறும்படம் அங்கே அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவின் கைத்தொலைபேசியில் போட்டால் வெளிறிப்போய்த் தெரிகிறது. நான் என்ன தவறு செய்தேன்?
– பாயான் பாரு வாசகி

பதில்: நீங்கள் தவறு செய்திருக்க வேண்டும் என்பதில்லை. மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது ஒளியளவின் எல்லை. ஒளிபரப்புக்கான படத்தில், 8 பிட் கணக்கில், கறுப்பு 16இலும் வெள்ளை 235இலும் இருக்கும். கணினிக்கான முழு அளவில் 0 முதல் 255 வரை. ஒன்றில் எழுதப்பட்ட கோப்பை மற்றொன்றாகப் படித்தால் கறுப்பு சாம்பலாகிவிடும், அல்லது நிழல்கள் அடைத்துக்கொள்ளும். ரிசால்வில் படத்தைக் கோப்பாக வெளியேற்றும் பக்கத்தில் இந்தத் தெரிவை 'தானியங்கி'யில் விட்டுவிட்டு, மறுபடி ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இரண்டாவது, வகுப்பில் இருந்தது மேக் கணினியாக இருந்தால், அதன் இயங்குதளம் ரெக். 709 கோப்பைக் காட்டும் விதம் வேறு. திருத்தும் சாளரத்தில் இருந்ததைவிட வெளியே நிழல்கள் வெளிறித் தெரியும். இது பல ஆண்டுகளாகத் தொழிலில் எல்லோரையும் வாட்டும் சிக்கல். ரிசால்வில் இதற்கென்றே 'ரெக். 709-ஏ' என்ற தெரிவு இருக்கிறது. இணையத்துக்கு மட்டும் போகும் படமாக இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். மூன்றாவது, வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அது கோப்பை மீண்டும் சுருக்கியிருக்கும். காணொளியாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பி, அம்மாவின் தொலைபேசியில் மறுபடி பாருங்கள்.

அதற்குப் பிறகும் வெளிறித் தெரிந்தால், தொலைபேசியின் திரை அமைப்பைப் பாருங்கள். எல்லாத் தொலைபேசிக்கும் ஏற்றபடி திருத்த முயல வேண்டாம். அளவிடப்பட்ட ஒரு திரையில் சரியாக இருந்தால், மற்ற எல்லாத் திரையிலும் அதற்குரிய அளவில் மாறித் தெரியும். பார்ப்பவர் கண்ணும் தன் திரைக்குப் பழகியே இருக்கும்.

கேள்வி: மகன் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டான். திரைப்பட வண்ணத் திருத்தம்தான் படிப்பேன் என்று நிற்கிறான். சான்றிதழ் உள்ள படிப்பு எது? கடனுதவி கிடைக்குமா? வேலை கிடைக்குமா?
– ஜார்ஜ்டவுன் வாசகர்

பதில்: ஐயா, வண்ணத் திருத்தம் என்பது திரைப்படம் அல்லது ஒளிபரப்புப் படிப்பின் ஒரு பகுதியாகவே பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. உங்கள் ஊரிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் துறை இருக்கிறது. கோலாலம்பூரில் அஸ்வாரா எனப்படும் தேசியக் கலை, பண்பாடு, மரபுடைமைக் கழகத்தில் திரைப்படப் பிரிவு இருக்கிறது. 1981இல் நிறுவப்பட்ட ஃபினாஸ், அதாவது தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம், அவ்வப்போது குறுகிய காலப் பயிற்சிகளையும் நடத்துகிறது. தனியார் கல்லூரி என்றால், சேர்வதற்கு முன் மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏவின் இணையப் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, அந்தப் படிப்புக்கு இருப்பது வேறு. அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் கடனுக்கு அந்தப் படிப்பின் அங்கீகாரமே அடிப்படை. வார இறுதி வகுப்புகளுக்கு அந்தக் கடன் கிடையாது. மகன் பின்னாளில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தால், அந்த நிறுவனம் மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்ஆர்டி கார்ப்பில் பதிந்து மாதந்தோறும் தீர்வை கட்டுவதாக இருந்தால், அந்தத் தொகையிலிருந்து பயிற்சிச் செலவைக் கோரலாம்.

வேலையைப் பற்றி உள்ளபடி சொல்கிறேன். பிளாக்மேஜிக் நடத்தும் இணையத் தேர்வில் தேறினால் சான்றிதழ் கிடைக்கும். அது கருவியை அறிந்தவர் என்பதற்குச் சான்று. வண்ணத் திருத்தக் கூடத்தில் ஆள் எடுக்கும்போது நாங்கள் கேட்பது, திருத்துவதற்கு முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று நிமிடக் காட்சித் தொகுப்பைத்தான். அதோடு, யாரும் முதல் நாளே கலரிஸ்டாக உட்காருவதில்லை. படத்தொகுப்பாளரிடமிருந்து வரும் வெட்டுப்பட்டியலை மூலக் காட்சிகளோடு சேர்ப்பது, வட்டுகளை நகல் எடுத்துச் சரிபார்ப்பது, பெயரிட்டு அடுக்குவது ஆகிய உதவியாளர் வேலைகளில் ஓரிரு ஆண்டுகள் கழியும். நான் இரவு இரண்டு மணிக்கு நகல் முடியக் காத்திருந்த நாள்கள் பல. அந்தப் பொறுமை உங்கள் மகனுக்கு இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். இருக்கிறது என்றால் தடுக்காதீர்கள். இங்கே தமிழ்த் தொடர்களும் விளம்பரங்களும் இணையப் படங்களும் எடுக்கப்படுகின்றன. நம் முகங்களை அறிந்து திருத்தக்கூடிய பிள்ளைகள் இன்னும் தேவை.

கேள்வி: எனக்குச் சிவப்பு–பச்சை நிறக்குறைபாடு இருப்பதாக வேலைக்கான மருத்துவச் சோதனையில் தெரிந்தது. இந்த வகுப்பில் சேரலாமா?
– பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

பதில்: முதலில் கண் மருத்துவரிடம் போய், குறைபாடு எந்த வகை, எவ்வளவு என்று முழுமையாகச் சோதித்துக்கொள்ளுங்கள். 1917இல் ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா வெளியிட்ட புள்ளித் தட்டுச் சோதனை, குறைபாடு உண்டா என்பதைச் சொல்லும். அளவைத் துல்லியமாகச் சொல்ல வேறு சோதனைகள் வேண்டும். லேசான குறைபாடு என்றால், அளவீடுகளைக் கொண்டு காட்சிகளைப் பொருத்தும் வேலையை நீங்கள் நன்றாகவே செய்ய இயலும். ஆனால் தோல்நிறத்தின் நுண்ணிய வேறுபாடுகள் சிவப்புக்கும் பச்சைக்கும் இடையிலேயே நிகழ்வதால், இறுதி முடிவை எடுக்கும் கலரிஸ்டாக இருப்பது கடினம் என்றே நான் நினைக்கிறேன். இதை எழுதும்போது எனக்கு மகிழ்ச்சியில்லை. பெரும் கட்டணம் கட்டிய பிறகு தெரிவதைவிட இப்போது தெரிவது நல்லது என்பதால் எழுதுகிறேன். படத்தொகுப்பு, ஒலிக்கலவை, மேற்சொன்ன காட்சி சேர்ப்பு வேலை ஆகியவற்றுக்கு இது தடையில்லை. கருப்பு–வெள்ளைப் படங்களில் ஒளியும் நிழலும் அமைப்பதற்கும் தடையில்லை.

கேள்வி: வகுப்புக்கு 600 ரிங்கிட் முன்பணம் கட்டினேன். வகுப்பு இருமுறை தள்ளிவைக்கப்பட்டுப் பிறகு நடக்கவேயில்லை. பணத்தைக் கேட்டால் பதில் இல்லை. வேறு வகுப்பில் சேரும் வரை நான் வீட்டில் என்ன பயிற்சி செய்யலாம்?
– ஆயர் ஈத்தாம் வாசகி

பதில்: சகோதரியே, பற்றுச்சீட்டு, வங்கிப் பரிமாற்றப் படிவம், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றின் படிகளை எடுத்துக்கொண்டு, மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யுங்கள். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். மனுச் செய்வதற்கு முன், 14 நாளில் பணத்தைத் திருப்பித் தரும்படி தேதியிட்ட கடிதம் ஒன்றை அவர்களுக்கு அனுப்பி, அதன் படியையும் வைத்துக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் உழைப்பின் பணம்.

பயிற்சிக்கு, உங்கள் சமையலறைச் சாளரத்தருகே ஒரு வாழையிலையை விரித்து, அதில் ஒரு எலுமிச்சம்பழம், ஒரு சிவப்பு மிளகாய், ஒரு எவர்சில்வர் தம்ளர், கொஞ்சம் வெள்ளைச் சோறு வையுங்கள். ஓரத்தில் உங்கள் கையும் தெரியட்டும். கைத்தொலைபேசியில் வெண்சமநிலையையும் ஒளியையும் கையால் பூட்டக்கூடிய செயலி ஒன்றைக் கொண்டு, காலை ஏழரைக்கும் நண்பகலிலும் மாலை ஏழு மணிக்கும் அதே கோணத்தில் அரை அரை நிமிடம் எடுங்கள். இலை வாடுமுன் மூன்றையும் ஒரே நாளில் எடுத்துவிட வேண்டும். பிறகு நண்பகல் காட்சியைத் தொடாமல் வைத்து, மற்ற இரண்டையும் அதனோடு பொருத்துங்கள். முதலில் சோற்றைப் பாருங்கள். அது மூன்றிலும் ஒரே வெள்ளையான பிறகு இலையின் பச்சையைப் பாருங்கள், அதன் பிறகு கையை. தம்ளரைக் கடைசியில் பாருங்கள். சுற்றியுள்ளதை எல்லாம் அது வாங்கிக் காட்டுவதால், எங்கே தவறியிருக்கிறீர்கள் என்பது அதில்தான் தெரியும். இதை வாரந்தோறும் செய்து, மூன்றாவது வாரத்தில் செய்ததை இந்தப் பத்திக்கு அனுப்புங்கள். பார்த்துக் குறிப்பெழுதித் தருகிறேன். கட்டணம் எதுவும் இல்லை.